சியாமெனை விட்டு வந்த ஜூன்

தைவானுக்கு எதிர்க்கரையில், சீனாவின் ஃபூஜியான் மாகாணத்தில் இருக்கிறது சியாமென். அந்த நகரத்துக்கென்று அறிவிக்கப்பட்ட மரம் குல்மொஹர், பூ காகிதப்பூ, பறவை வெண்கொக்கு. மூன்றும் எங்கள் நாகப்பட்டினத்தில் பார்த்துப் பழகியவை. அதனால்தானோ என்னவோ, மூன்று வருஷம் அங்கே இருந்தும் பாஷையைத் தவிர வேறெதுவும் எனக்கு அந்நியமாகப் படவில்லை. சாப்பாட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மீனும் நண்டும் கிடைக்கிற ஊரில் நாகைக்காரி பட்டினி கிடக்க மாட்டாள்.

குல்மொஹர் அங்கே வருஷத்துக்கு இரண்டு தரம் பூக்கும் என்பார்கள். சியாமென் பல்கலைக்கழகத்தில் இதை வைத்து ஒரு பேச்சு உண்டு: செப்டம்பர் பூ வருகிறவர்களுக்கு, ஜூன் பூ போகிறவர்களுக்கு. நான் போய்ச் சேர்ந்த 2016 செப்டம்பரில் பூவைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. 15ஆம் தேதி விடியற்காலை மெராந்தி புயல் நேராகச் சியாமென் மேலேயே கரையேறியது. அன்று அவர்களுக்கு நிலாத் திருவிழா. மின்சாரம் கிடையாது, குழாயில் தண்ணீர் கிடையாது. நிலாப் பணியாரத்தைக் கடித்துக்கொண்டே மாணவர்கள் சாய்ந்த கிளைகளை இழுத்துப் போட்டார்கள். புயல் ஓய்ந்ததும் அரிவாளோடு தெருவில் இறங்குவது எங்களூர் வழக்கம். நானும் இறங்கினேன். விடுதிக் காப்பாளர் அம்மாளுக்கு என்னைப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான். அவரை எல்லாரும் ஆயி என்று கூப்பிடுவோம்.

வெளிநாட்டில் படித்ததை எழுதுகிறவர்கள் போய் இறங்கிய நாளைத்தான் விரிவாக எழுதுகிறார்கள். குளிர், கூச்சம், பாஷை தெரியாமல் கடையில் விழித்தது. கிளம்பி வந்த கதையை எழுத ஆளைக் காணோம். எனக்கென்னவோ அந்தக் கடைசி இரண்டு மாதத்தில்தான் நாட்டையும் மனிதர்களையும் கிட்டத்தில் பார்த்ததாகத் தோன்றுகிறது.

நான் படித்தது முதுகலை வரலாறு. சோங், யுவான் அரசுகளின் காலத்தில் பக்கத்துத் துறைமுகமான சுவான்சோவில் நடந்த வணிகம் ஆய்வுப் பொருள். சீன அரசின் உதவித்தொகை கிடைத்திருந்தது. கல்விக் கட்டணமும் விடுதியும் இலவசம், கைச்செலவுக்கு மாதம் 3,000 யுவான். சிக்கனமாக இருந்தால் மிச்சமும் பிடிக்கலாம்.

ஆய்வேட்டை எழுதிக் கொடுத்ததோடு அங்கே வேலை முடியாது. முதலில் அதைக் கணினியில் போட்டு, பிறர் எழுத்தோடு எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது என்று பார்ப்பார்கள். வசந்தகாலம் முழுக்க உணவுக்கூடத்தில் இதே பேச்சு. சர்க்கரை நோயாளிகள் காலையில் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வதுபோல, “உனக்கு எத்தனை?” என்பார்கள். அதில் தேறிய ஏடு, பெயரை மறைத்து வெளியூர்ப் பேராசிரியர்களிடம் போகும். அவர்கள் சரி என்ற பிறகுதான் நேர்முகம்.

என் வழிகாட்டியை லாவ்ஷி என்றே குறிப்பிடுகிறேன். ஆசிரியர் யாரானாலும் அங்கே அப்படித்தான் அழைப்பது. அவர் அறையில் மேஜை முக்கால்வாசியைத் தேநீர்த் தட்டு பிடித்துக்கொண்டிருக்கும். தட்டில் துளைகள் இருக்கும். முதல் நீரை ஊற்றி இலையைக் கழுவி அந்தத் துளை வழியாகவே கொட்டிவிடுவார். அப்புறம் கட்டைவிரல் அளவுக் கிண்ணங்களில் அன்ஷி ஊர்த் தியெகுவான்யின் தேநீர் வரும். ஒரு மடக்கு குடித்தால் கிண்ணம் காலி. குடிக்கக் குடிக்க ஊற்றிக்கொண்டே இருப்பார். வேண்டாமென்றால் கிண்ணத்தைக் காலி செய்யாமல் விடவேண்டும். நம் வீட்டில் மிச்சம் வைத்தால் திட்டு விழும், அங்கே மிச்சம் வைத்தால்தான் விடுதலை. என் ஏட்டின் ஒவ்வோர் அத்தியாயமும் அந்தத் தட்டுக்கு எதிரில் உட்கார்ந்துதான் திருத்தப்பட்டது.

நேர்முகத்தில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். சோழ நாட்டிலிருந்து சோங் அரசவைக்கு 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் தூதுக்குழுக்கள் வந்ததைச் சீன ஆவணங்கள் குறித்துவைத்திருக்கின்றன. சுவான்சோவில் கடல் வணிக அதிகாரியாக இருந்த ஜாவ் ருகுவா 1225இல் எழுதிய நூலில் சோழ நாட்டுக்குத் தனிப்பகுதியே உண்டு. இவற்றையெல்லாம் ஒப்பித்து முடித்தேன். ஓரத்தில் இருந்த வயதான பேராசிரியர், யுவான் காலப் பயணி வாங் தாயுவான் சொல்லும் செங்கல் கோபுரத்தைப் பற்றிக் கேட்டார். அது நாகப்பட்டினத்துக் கோபுரம்தான் என்பது ஆய்வாளர் பலருடைய கருத்து. “நீங்கள் அந்த ஊர்தானே, இப்போது அங்கே என்ன மிச்சமிருக்கிறது?”

ஒன்றுமில்லை என்றேன். சீனப் பகோடா என்று ஆங்கிலேயர்கள் பெயர் வைத்திருந்த அந்தக் கோபுரத்தை 1867இல் இடித்துவிட்டார்கள். அப்படியொன்று இருந்தது நான் பள்ளிக்கூடத்தில் படித்தவரை எனக்குத் தெரியாது, சியாமென் நூலகத்தில்தான் தெரிந்துகொண்டேன் என்றும் சொன்னேன். கேட்டவர் தலையாட்டிக்கொண்டார். பிறகு என்னை வெளியே அனுப்பிவிட்டுப் பேசினார்கள். திரும்பக் கூப்பிட்டதும் நின்றபடி தீர்மானத்தைக் கேட்கவேண்டும். தலைவர் வாசித்தார். அச்சடித்த தாளில் என் பெயருக்குக் கீழே அடிக்கோடு. தேறிவிட்டேன்.

படிப்பு அங்கே முடிந்தது. இனி மூன்று வருஷமாக ஊரில் வேர்விட்டதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றவேண்டும். நம் கல்லூரிகளில் ‘நோ டியூஸ்’ தாளைத் தூக்கிக்கொண்டு அலைவோமே, அங்கேயும் அப்படியொரு தாள் உண்டு. நூலகம், கணக்கர் அலுவலகம், துறை, விடுதி, வெளிநாட்டு மாணவர் பிரிவு என்று கட்டம் கட்டமாக இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு முத்திரை விழவேண்டும். சீனாவில் கையெழுத்துக்கு அவ்வளவு மதிப்பில்லை. சிவப்பு மையில், வட்டமாக, நடுவில் நட்சத்திரம் வைத்த முத்திரைதான் எல்லாம். பல பக்கம் உள்ள ஆவணமென்றால் தாள்களை விசிறியாக விரித்து, எல்லா ஓரங்களிலும் ஒரே முத்திரையின் துண்டு துண்டு விழும்படி குத்துவார்கள். நடுவில் ஒரு தாளை உருவினால் வட்டம் சேராது. அந்த அலுவலர் தாளை விரித்த லாவகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. சீட்டாட்டக்காரர் கெட்டார்.

இதில் ஒரு சிக்கல். மதியம் எல்லாரும் தூங்குவார்கள். அலுவலகக் கதவு பதினொன்றரைக்குச் சாத்தினால் இரண்டரைக்குத்தான் திறக்கும். ஜூன் மாதத்துச் சியாமென் வெயிலில் அந்த மூன்று மணி நேரத்தை ஃபூரோங் சுரங்கப்பாதைக்குள் கழிப்பேன். மலையைக் குடைந்த பாதை அது, ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம், இரண்டு பக்கச் சுவரிலும் மாணவர்கள் வரைந்த ஓவியங்கள். உள்ளே குளுகுளுவென்று இருக்கும். படிப்பை முடித்துப் போகிறவர்கள் ஏதாவது எழுதிவிட்டுப் போவார்கள், அடுத்த வருஷம் அதன்மேல் வேறொருவர் சாயம் பூசுவார்.

உண்மையான சோதனை வங்கியில் காத்திருந்தது. எனக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தமிழருக்கு ஏது? கடவுச்சீட்டில் அந்தக் கட்டம் காலி. சீனாவில் எந்த விண்ணப்பத்திலும் அதுதான் முதல் கட்டம், நிரப்பாமல் மேலே போகமுடியாது. பல்கலைக்கழகத்தில் சேரும்போது அப்பா பெயரை முன்னால் போட்டார்கள். வங்கியில் இரண்டு பெயரையும் இடைவெளி இல்லாமல் ஒட்டிவிட்டார்கள். கைபேசி நிறுவனத்தில் என் பெயர் முன்னாலும் அப்பா பெயர் பின்னாலும் போனது. மூன்று வருஷமாக இது யாருக்கும் உறுத்தவில்லை. கணக்கை மூடப் போன அன்று இயந்திரம் ஒத்துக்கொள்ளவில்லை: பணம் போட்டவள் வேறு, கடவுச்சீட்டோடு நிற்பவள் வேறு.

சன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் சின்ன வயசு. முகம் சிவந்து, மேலாளரைக் கூப்பிட்டாள். அவர் வந்து, காகிதக் கோப்பையில் வெந்நீர் கொடுத்து உட்காரச் சொன்னார். அந்த நாட்டில் எந்தப் பிரச்சினைக்கும் முதல் சிகிச்சை வெந்நீர்தான். ‘இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே ஆளைக் குறிப்பவை’ என்று பல்கலைக்கழகத்திடம் ஒரு கடிதம் வாங்கி வரவேண்டும், சிவப்பு முத்திரையோடு. வாங்கி வந்தேன். இருந்த பணத்தைக் கொடுத்து, அட்டையை என் கண்ணெதிரே கத்தரித்துக் குப்பையில் போட்டார்கள். அதோடு கைபேசியில் பணம் கட்டுகிற வசதியும் போயிற்று. கீரை விற்கும் பாட்டிகூட க்யூஆர் அட்டையை மாட்டிவைத்திருக்கும் ஊரில் நோட்டை நீட்டினால், சில்லறைக்காகக் கடைக்காரர் பக்கத்துக் கடைக்கு ஓடவேண்டியிருக்கும்.

நல்லவேளையாக, பட்டம் முடிக்கிறவர்கள் வாங்குகிறவர்களாக இருப்பதில்லை, விற்கிறவர்கள். ஜூன் மாலைகளில் வளாகத்து மரத்தடிகளில் பாயை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். மேஜை விளக்கு, கிதார், பாதி தீர்ந்த ஷாம்பு, தேர்வுக்குப் படித்த கனத்த புத்தகங்கள். தேசிய ஆட்சிப் பணித் தேர்வுப் புத்தகத்தை ஒருவன் ‘வாங்கினால் தேறுவீர்கள், நான் தேறவில்லை’ என்று எழுதி வைத்திருந்தான். நான் விற்க வைத்தது ஒரு மின்விசிறி, ஒரு மழைக்கோட்டு. மற்றதெல்லாம் புத்தகம். அஞ்சலகத்தில் அட்டைப்பெட்டி வாங்கி, அங்கே வேலையில் இருந்த அம்மா ஒவ்வொரு புத்தகமாகப் புரட்டிப் பார்த்த பிறகு, கடல் வழியாக நாகைக்கு அனுப்பினேன். நான் ஊர் வந்து வெகுநாள் கழித்து, மூலை நசுங்கிய பெட்டி வீட்டுக்கு வந்தது. பழைய வணிகர்களின் சரக்கும் இப்படித்தான் வந்திருக்கும் என்று லாவ்ஷிக்கு எழுதினேன். அவர்கள் பருவக்காற்றைச் சரியாகக் கணித்தார்கள், அஞ்சல் துறைக்கு அது தெரியாது என்று பதில் வந்தது.

விற்பனைக்கு வராத ஒரு பொருள் பிரஷர் குக்கர். அது எனக்கு முன்னால் படித்த ஒரு மதுரை அண்ணன் தந்துவிட்டுப் போனது. அவருக்கு யார் தந்தார்களோ. விடுதி அறையில் சமைக்கக்கூடாது, மாடிக்கு ஒரு பொதுச் சமையலறை இருந்தது. இண்டக்‌ஷன் அடுப்பில் வைக்கத் தோதான அடிப்பாகம் இருந்ததால் அந்தக் குக்கருக்கு எங்களிடையே பெரிய மதிப்பு. முதல் விசில் அடித்த அன்று கொரிய மாணவி ஒருத்தி வெங்காயத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினாள். பிற்பாடு அவளே சாம்பார் எப்போது என்று கேட்டு வந்து நிற்பாள். குக்கரை வேதியியலில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்த ஆம்பூர்த் தம்பிக்குக் கொடுத்தேன். கேஸ்கட் மட்டும் மாற்றிவிடு என்றேன். “அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது வாங்கிட்டு வந்துடறேன்க்கா” என்றான்.

என் சீன வகுப்புத் தோழர்களுக்கும் கையில் இதே முத்திரைத் தாள்தான். அவர்கள் அலைச்சல் வேறு மாதிரி. பல்கலைக்கழகத்தில் சேரும்போது பலர் தங்கள் ஹூகோவ் என்னும் குடும்பப் பதிவைச் சொந்த ஊரிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு மாற்றிக்கொள்கிறார்கள். படிப்பு முடிந்தால் அதை வேலை கிடைத்த நகரத்துக்கோ ஊருக்கோ நகர்த்தவேண்டும். அதோடு கோப்பு ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூட நாளிலிருந்து மதிப்பெண், ஆசிரியர் குறிப்பு, கட்சி உறுப்பினர் விவரம் எல்லாம் அதற்குள். ஒட்டி முத்திரையிட்டு அலுவலகத்திலிருந்து அலுவலகத்துக்குப் போகும். உரியவர் பிரித்துப் பார்க்கக்கூடாது. “உள்ளே உன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கும்?” என்று குய்ஜோ மலையூர்த் தோழியிடம் கேட்டேன். நல்லதாகத்தான் இருக்கும், ஷென்ஜெனில் வேலை கொடுத்துவிட்டார்களே என்றாள். என் தாளில் முத்திரை முடிந்தால் நான் விமானம் ஏறிவிடலாம். அவளுடைய கோப்பு பணி ஓய்வு வரை அவளோடு நகரும்.

பட்டமளிப்புக்கு அவள் அப்பா அம்மா ரயிலில் வந்திருந்தார்கள். இருவருமே அதுவரை கடலைப் பார்த்ததில்லை. வளாகத்தை ஒட்டியே பாய்ச்செங் கடற்கரை. அந்த அம்மாள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அலைவரை போய், குனிந்து, விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். கணவரைத் திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னார். மலையூர்ப் பேச்சு எனக்குப் புரியவில்லை. என்ன சொன்னார் என்று தோழியிடம் கேட்டேன். “உப்புத்தான், சொன்னது சரிதான் என்கிறாள்.” என் வீட்டிலிருந்து யாரும் வரமுடியவில்லை. கைபேசி வழியாக அம்மா பார்த்தாள். முதுகலைக்கு நீல அங்கி. அது தோளில் நிற்காமல் வழுக்குவதைப் பார்த்துவிட்டு, ஊக்கு குத்திக்கொள்ளக்கூடாதா என்றாள்.

விழாவில் நிறுவனர் டான் கா கீயின் பெயரைச் சொல்லாத பேச்சாளர் இல்லை. சிங்கப்பூருக்குப் போய் ரப்பரில் சம்பாதித்து, 1921இல் இந்தப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியவர். வியாபாரம் நொடித்த பிறகும் கைவிடாமல் நடத்தி, 1937இல் அரசிடம் ஒப்படைத்தார். பெரிய மனிதர், சந்தேகமில்லை. ஆனால் மலாயா ரப்பர் என்று சொல்லும்போது தமிழ்க் காதுக்கு வேறொரு கதையும் சேர்ந்து கேட்கிறது. அந்தக் கூட்டத்தில் அதைச் சொல்லிக்கொள்ள ஆம்பூர்த் தம்பியைத் தவிர எனக்கு ஆளில்லை. சொன்னேன். அவனுக்குப் பசி.

அன்றிரவு விருந்து. சிப்பி முட்டைப் பொரியல், மீன் உருண்டை, கடலைச் சாந்து கரைத்த ஷாச்சா நூடுல்ஸ், பியர். எல்லாரும் அழுதார்கள். பிறகு வகுப்புத் தலைவன் கணக்குப் போட்டு, ஆளுக்கு இவ்வளவு என்று குழுவில் செய்தி அனுப்பினான், அழுதுகொண்டே கட்டினார்கள். நான் நோட்டாகக் கொடுத்தேன்.

கிளம்புவதற்கு முந்திய வாரம் சுவான்சோவுக்கு ஒரு நடை போய் வந்தேன். அதிவேக ரயிலில் அரை மணி நேரப் பயணம். ஆய்வுக்காகப் பலமுறை போன ஊர்தான். குறிப்பேடு இல்லாமல் போகவேண்டுமென்று ஆசை. கையுவான் கோயில் 686இல் தோன்றிய பௌத்தக் கோயில். முன்னால் இரண்டு கல் கோபுரங்கள், கிழக்கே இருப்பது 48 மீட்டர். கூட்டமெல்லாம் அங்கேதான். பெரிய மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனால் இரண்டு தூண்கள் நிற்கும். பார்த்த மாத்திரத்தில் நம் ஊர்க் கல்தச்சன் மரபு என்று தெரியும். நரசிம்மர் இருக்கிறார். மரங்களுக்கு நடுவே உரலை இழுக்கும் கண்ணன் இருக்கிறான். இடிந்துபோன ஒரு சிவன் கோயிலின் கற்களோடு வந்தவை, மிங் காலத் திருப்பணியில் இங்கே சேர்த்துவிட்டார்கள். ஊர் அருங்காட்சியகத்தில் யானை லிங்கத்தைப் பூசிக்கும் சிற்பமும் உண்டு, திருவானைக்கா கதை. 1281 சித்திரையில் அந்த ஊரில் தமிழில் ஒரு கல்வெட்டு வெட்டி, குப்ளாய் கானின் ஆட்சியில் சிவனுக்குப் பிரதிஷ்டை செய்திருக்கிறார்கள். அடியில் சீன எழுத்தும் உண்டு. அதன் படியெடுப்பை லாவ்ஷி ஒரு தரம் வகுப்பில் விரித்து என்னை வாசிக்கச் சொன்னார். பாதிதான் வாசிக்க முடிந்தது. வகுப்பு கைதட்டியது.

அன்று தூணடியில் ஒரு பாட்டி ஊதுபத்தியோடு சுற்றி வந்தார். கண்ணனைக் காட்டி, இது எங்கள் ஊர்க் குழந்தை என்றேன். அப்படியா என்று ஏறிட்டுப் பார்த்து, கண்ணனுக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டார். அந்தக் கோயிலும் ஊரின் மற்ற பழைய இடங்களும் 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. இப்போது கூட்டம் பின்பக்கமும் வருமாயிருக்கும்.

அறையை ஒப்படைப்பது கடைசி முத்திரை. ஆயி கையில் பட்டியலோடு வந்தார். கட்டில், மேஜை, நாற்காலி, ஏசி ரிமோட், சாவி இரண்டு. ரிமோட்டில் பேட்டரி இருக்கிறதா என்று திறந்து பார்த்தார். சன்னல் கம்பியில் நான் கட்டியிருந்த துணிக்கொடியை அவிழ்த்துச் சுருட்டித் தன் பையில் போட்டுக்கொண்டார், அடுத்த பிள்ளைக்கு ஆகும். முன்பணத்தைத் திரும்ப வாங்க, மூன்று வருஷத்துக்கு முன் கொடுத்த ரசீதின் அசல் வேண்டும். எடுத்து நீட்டினேன். இத்தனை வருஷத்தில் இதைப் பத்திரமாக வைத்திருந்தவர்கள் நாலைந்து பேர்தான் என்றார். 2018 நவம்பரில் கஜா புயல் நாகையைப் புரட்டிப் போட்ட வாரம், தினமும் காலையில் என் கதவைத் தட்டி, வீட்டில் போன் எடுத்தார்களா என்று கேட்டவர் அவர். மெராந்தியில் நீ எங்கள் மரத்தை வெட்டினாய், உன் ஊர் மரத்தை வெட்ட யார் போவார்கள் என்று அவரே கவலைப்பட்டார். முத்திரையைக் குத்திவிட்டு, விமானத்தில் வெந்நீர் கேட்டு வாங்கிக் குடி, குளிர்ந்த தண்ணீர் கொடுப்பார்கள், குடிக்காதே என்றார்.

பயணத்தில் சொல்ல ஒன்றுமில்லை. கோலாலம்பூர் வழியாகத் திருச்சி. குடியேற்ற அதிகாரி வசிப்பு அனுமதியைப் பார்த்து, படிப்பு முடிந்ததா என்று கேட்டு, ஒரு முத்திரை போட்டார். அதுவும் சிவப்பு.

இவ்வளவு அலுத்துக்கொண்டு சொன்னேனே, அடுத்த வருஷமே அந்த அலைச்சல் எவ்வளவு பெரிய கொடுப்பினை என்று தெரிந்தது. 2020 ஜனவரியில் ஆம்பூர்த் தம்பி வசந்த விழா விடுமுறைக்குச் சின்னப் பெட்டியோடு ஊருக்கு வந்தான். குக்கர் கேஸ்கட் வாங்கிவிட்டதாகப் படம் அனுப்பினான். கொரோனா பரவியதால் மார்ச் 28இலிருந்து, வசிப்பு அனுமதி வைத்திருந்த வெளிநாட்டவரையும் சீனா உள்ளே விடவில்லை. அவனைப் போல் 23,000க்கு மேற்பட்ட இந்திய மாணவர்கள், பெரும்பாலும் மருத்துவம் படித்தவர்கள், இரண்டரை வருஷம் வீட்டில் உட்கார்ந்தார்கள். 2022 ஆகஸ்டில்தான் மாணவர் விசா மறுபடி கிடைத்தது. அதற்குள் பலருக்குப் படிப்பே முடிந்துவிட்டது. மடிக்கணினியில் நேர்முகம், கூரியரில் சான்றிதழ். அறையை யாரோ காலி செய்து பெட்டிகளில் கட்டி வைத்தார்கள். துணிக்கொடியை யார் அவிழ்த்தார்களோ. ஆய்வுக்கூடம் இல்லாமல் வேதியியல் எப்படி நடக்கும்? தம்பி திரும்பிப் போய் முடித்தான், வருஷங்கள் தாமதமாக. குக்கர் கிடைக்கவில்லை.

இன்னொன்றும் நடந்தது. கல்வான் மோதலுக்குப் பிறகு, 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு 59 சீனச் செயலிகளைத் தடை செய்தது. பட்டியலில் வீசாட்டும் இருந்தது. சீனாவில் யாரும் யாரிடமும் மின்னஞ்சலோ முகவரியோ கேட்பதில்லை, கைபேசியை நீட்டி வீசாட்டில் சேர்த்துக்கொள்வதோடு சரி. வகுப்புக் குழு, கொரிய மாணவி, குய்ஜோ தோழி, ஆயி, அத்தனை பேரும் அதற்குள்தான் இருந்தார்கள். ஜூலையில் அது திறக்கவில்லை. மிஞ்சியவர் லாவ்ஷி ஒருவர். பழைய ஆள், விடை கொடுத்த அன்று தேயிலைப் பொட்டலத்தின் மேல் தூரிகைப் பேனாவால் வீட்டு முகவரியும் மின்னஞ்சலும் எழுதித் தந்திருந்தார். தோழியின் ஷென்ஜென் முகவரியை அவர்தான் பிற்பாடு தேடிக் கொடுத்தார். ஆயியின் நலம் இன்றுவரை தெரியாது.

2025 அக்டோபரிலிருந்து இந்தியாவுக்கும் சீனாவுக்கும் நேரடி விமானங்கள் மறுபடி ஓடுகின்றன. பிள்ளைகள் போகிறார்கள். போகிறவர்களிடம் இரண்டே விஷயம் சொல்வேன். மதிப்பெண் பட்டியலையும் பெயர்க் கடிதத்தையும் முத்திரையோடு நாலைந்து பிரதி முன்கூட்டியே வாங்கி வையுங்கள், விடுமுறைக்கு வந்தாலும் கையோடு கொண்டுவாருங்கள். நண்பர்களிடம் மின்னஞ்சலையும் முகவரியையும் ஒரு நோட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சிரிப்பார்கள், பரவாயில்லை.